க்ளிக்குக்குப் பிறகு கொசுறு இல்லை

வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கிற நம் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்து நாற்பத்தேழு பேர் இருக்கிறோம். போன மாதத்தில் மட்டும் பதினோரு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். கைக்கு அடக்கமான விலையில் ஒரு டார்க் ரென்ச் வாங்கலாமா, வாங்குவதென்றால் எதை வாங்குவது? பதினோரு பேருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். கடைசி வரை படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு வாங்கப் போகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

டார்க் ரென்ச் என்றால் என்ன என்று புதிதாக வந்திருக்கிற நான்கு பேருக்காக ஒரு வரி. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண்ணை அதன் பிடியில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'க்ளிக்' என்று சத்தம் போட்டு, போதும் என்று சொல்லும் கருவி. அவ்வளவுதான். சொல்வது மட்டும்தான் அதன் வேலை. நிறுத்துவது நம் கை.

காரைக்குடியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் பட்டறையில் முப்பத்தாறு வருடம் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஏழு வருடம் உங்களைப் போல வீட்டு வேலைகள் பார்த்தேன். மோட்டார், ஜெனரேட்டர், ஸ்கூட்டர், கார் டயர், எது வந்தாலும். இப்போது முழங்கால் அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டது. இந்த நாற்பத்து மூன்று வருடத்தில் நான் என் காசில் வாங்கிய டார்க் ரென்ச்சுகள் மூன்று. அவற்றில் ஒன்று தப்பு, ஒன்று தேவலை, ஒன்று சரி.

முதலில் வாங்கியது பெரியது. இறுக்க அளவு நாற்பதிலிருந்து இருநூற்றுப் பத்து நியூட்டன் மீட்டர் வரை. பெரிதாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்தேன். ஸ்கூட்டரில் இருக்கிற முக்கால்வாசி போல்ட்டுகளுக்குத் தேவை பத்து, பன்னிரண்டு, இருபத்துநான்கு. கல்யாண அண்டாவில் ஒரு டம்ளர் பால் காய்ச்சுகிற கதை. கார் சக்கரத்துக்கு மட்டும் அது உதவியது, வருடத்துக்கு மூன்று முறை.

இரண்டாவது, முள் காட்டுகிற வகை. விலை மிகக் குறைவு. க்ளிக் கிடையாது, ஒரு கம்பி வளையும், முள் நகரும். நல்ல கருவிதான். ஆனால் முள்ளை நேராகப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டருக்கு அடியில் தலையை விட்டு முள்ளை நேராகப் பார்க்க என் கழுத்து பல்லியின் கழுத்தாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பத்திலிருந்து அறுபது வரை போகிற க்ளிக் வகை. இணையத்தில் தள்ளுபடி போக இரண்டாயிரத்துக்குச் சற்று மேலே. இதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். வாங்கும்போது நான் பார்ப்பவை: நாம் அடிக்கடி போடும் எண் அதன் அளவின் நடுவாக்கில் விழ வேண்டும், அடிமட்டத்தில் எந்த மலிவு ரென்ச்சும் நம்பத் தகுந்ததல்ல. பிடியில் இரண்டு வகை எண்கள் இருக்கும், நியூட்டன் மீட்டர் ஒரு பக்கம், பவுண்டு அடி ஒரு பக்கம். இரண்டும் தெளிவாகப் படிக்க வர வேண்டும். பவுண்டுப் பக்கத்தில் இருபத்துநான்கு வைத்தால் நியூட்டனில் அது முப்பத்திரண்டரை. பெட்டிக்குள் வருகிற தரச் சான்றைப் பார்த்து மயங்க வேண்டாம். என் பெட்டியில் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியில் வந்ததும் ஒரே சான்றின் நகல், கையெழுத்தின் மேல் இருந்த மைப் பொட்டு உட்பட.

சான்றை நம்பாமல் நானே சோதித்தேன். ரென்ச்சின் தலையை வைஸில் கடித்துப் பிடிக்க வைத்து, பிடியைப் படுக்கை மட்டமாக நிறுத்தி, தலையிலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டரில், பிடியின் நடுவில், ஒரு பிளாஸ்டிக் கேனைத் தொங்கவிட்டுத் தண்ணீரை ஊற்றினேன். கேனும் தண்ணீரும் சேர்ந்து பத்துக் கிலோ ஆகும்போது ஏறக்குறைய இருபத்துநான்கரை. ரென்ச்சை இருபத்துநான்கில் வைத்திருந்தேன். பத்துக் கிலோவை எட்டுவதற்குள் டக்கென்று அடித்தது. ரென்ச்சின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. இரண்டு நாள் உறுத்தியது. சேர்த்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை என்று தெரிந்த பிறகே சரியாகச் சாப்பிட்டேன்.

ஆக, கருவி சரி. இனிச் சொல்லப்போவது கருவியைப் பற்றியதல்ல.

பட்டறையில் எனக்கு வேலை காட்டிய மேஸ்திரிக்கு ஒரு சொல் உண்டு. நட்டை முழுக்க இறுக்கிய பிறகு, "கொசுறு போடு" என்பார். காய்கறி வாங்கினால் கடைக்காரர் கடைசியில் நாலு கருவேப்பிலையைப் போட்டுத் தருவாரே, அந்தக் கொசுறு. இறுக்கியது போக, உடம்பு எடையைப் போட்டு இன்னும் ஒரு இழுப்பு. பஸ் சக்கரத்தின் எஃகுப் போல்ட் அதைத் தாங்கும். நாற்பது பேர் ஏறுகிற வண்டி, மேஸ்திரிக்கு அது மனசுக்குத் தெம்பு. அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் முப்பத்தாறு வருடம் கொசுறு போட்ட கைக்கு, எது எஃகு, எது அலுமினியம் என்று யார் சொல்வது?

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் செல்வி இருக்கிறாள். பலகாரம் செய்து கொடுப்பவள். சீயமும் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் அவள் கையில் எப்படி வரும் என்று நான் எழுதினால் இந்தக் கட்டுரை பாதை மாறிவிடும். கானாடுகாத்தானில் பெரிய வீடு ஒன்றை ஓட்டலாக நடத்துகிறார்கள். அங்கே தங்குகிறவர்களுக்குச் சாயங்கால டீயோடு கொடுக்க, சீசன் முழுவதும் ஒருவரே பலகாரம் தர வேண்டும் என்று ஆள் பார்த்தார்கள். செல்விக்கு மூன்று நாள் சோதனை. மூன்று நாளும் ஐந்து மணிக்குள், சூடாக, இருபத்துநான்கு பேருக்கு. அந்த வேலை கிடைத்தால், அவள் கடை கடையாகப் போய்ப் பாக்கெட் வைத்துவிட்டு வருவதை நிறுத்தலாம். கிடைக்காவிட்டால் பழையபடிதான். சோதனையின் முதல் நாள் மத்தியானம் ஒன்று ஐம்பதுக்கு என் வீட்டு வாசலில் அவளுடைய ஸ்கூட்டர் வந்து நின்றது.

"சித்தப்பா, அடியில ஆயில் சொட்டுது. நாலு மணிக்குக் கெளம்பணும். பாத்துக் குடுத்துருவீகளா?"

"அரை மணி நேர வேலை. போய் மாவப் பாரு."

"அரை மணின்னா அரை மணிதான? நீங்க எண்ணிச் சொல்ற ஆளுன்னு நம்பித்தான் வந்தேன்."

குனிந்து பார்த்தேன். ஆயில் வடிக்கிற போல்ட் தளர்ந்து, வாஷர் நைந்து போயிருந்தது. பழைய ஆயிலை வடித்து, புது வாஷர் போட்டு, போல்ட்டைக் கையாலேயே ஏழு சுற்று ஏற்றினேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருபத்துநான்கு என்று போட்டிருந்தது. ரென்ச்சை அந்த எண்ணில் வைத்தேன். செல்வி இன்னும் போகவில்லை. புதுக் கருவியாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அது கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

மெதுவாக, வெட்டி இழுக்காமல், ஒரே சீராக இழுத்தேன். க்ளிக்.

"இந்தா, சத்தம் கேட்டுச்சா? இதான் அளவு. ஒரு நூல் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல," என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை இன்னொரு இழுப்பு இழுத்தது. நான் இழுக்கவில்லை, கை இழுத்தது. போல்ட் முதலில் எதிர்த்தது. பிறகு எதிர்க்கவில்லை. வெண்ணெயில் கரண்டி போவதுபோலச் சுற்றியது.

செல்வி அதற்குள் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். மணி இரண்டு இருபத்தைந்து.

உள்ளே அலுமினியத்தில் இருந்த மரை, போல்ட் ஏறுகிற அந்தத் திருகுப் பள்ளம், வழித்துக்கொண்டு வந்துவிட்டது. முன்பு வேறு யாரோ இழுத்து இழுத்து அது ஏற்கெனவே நைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் க்ளிக் வரை அது நின்றது. அதைக் கொன்றது நான்.

இந்த இடத்தில் நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். நீங்களும் இதைச் செய்வீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன். நான் செல்விக்குப் போன் செய்யவில்லை. சரிசெய்துவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன். முதலில் இரண்டு வாஷர் போட்டுப் பார்த்தேன். ஆயில் ஊற்றினேன், நிமிடத்துக்கு ஒன்பது சொட்டு. வடித்துவிட்டு, ஒட்டுகிற பசை போட்டேன். அது காய ஒரு நாள் ஆகும் என்று குழாயின் மேலேயே எழுதியிருந்தது, போட்ட பிறகு படித்தேன். துடைத்துவிட்டு, குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை ஆறு சுற்றுச் சுற்றி ஏற்றினேன். நிமிடத்துக்கு இரண்டு சொட்டு.

என் மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள். "அரை மணி நேரம் முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சு. எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?"

"சொட்ட எண்ணிக்கிட்டு இருக்கேன். பேசாத."

"வேர்வையா, ஆயிலா?"

கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு இரண்டு சொட்டு. கானாடுகாத்தானுக்குப் பதினைந்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம் வைத்தால் எழுபது சொட்டு. ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்றால் மூன்றரை மில்லி. எஞ்சினில் இருப்பது எழுநூறு மில்லி. மூன்றரை போனால் என்ன? போய்விட்டு வரட்டும், நாளை காலை சரிசெய்யலாம்.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் அதைச் சரிபார்த்தேன், மூன்றரைதான். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குத்தான் அந்தக் கணக்கு. ஓடுகிற எஞ்சின் சூடாகும், ஆயில் தண்ணீராக இளகும், போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது டேப் மட்டும். அது சொட்டாது, மொத்தமாகக் கழன்று விழும். ஆயில் பின்சக்கரத்தில் பட்டால் செல்வி இருபத்துநான்கு பேர் பலகாரத்தோடு ரோட்டில் கிடப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துகொண்டேதான் மூன்றரை மில்லி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நமக்கு வேண்டிய விடை வருகிற மாதிரி கணக்குப் போடத் தொடங்கினால், அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

மூன்று நாற்பத்தைந்துக்கு செல்வி வந்தாள். நல்ல சேலை கட்டி, தலை வாரி, கையில் ஒரு ஹாட் பாக்ஸ்.

"ரெடியா சித்தப்பா?"

'ம்' என்று சொல்ல வாய் திறந்தது. அந்த எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றதை என்னால் சத்தியமாகச் சொல்ல முடியும்.

"இல்ல. மரை போச்சு. நான்தான் போக்குனேன். இந்த வண்டி இன்னைக்கு ஓடாது."

அவள் பாக்ஸைக் கீழே வைத்தாள். "எப்பப் போச்சு?"

"ரெண்டு இருபத்தஞ்சுக்கு."

"இப்ப மூணே முக்கால்." பாக்ஸின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குரல் உயராமலே சொன்னாள்: "அப்பவே சொல்லியிருந்தா மூணு மணி பஸ்ஸுல போயிருப்பேன்ல?"

போல்ட்டை நாசமாக்கியதற்கு ஒரு நொடி ஆனது. அதை மறைக்க எண்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு நஷ்டம் போல்ட் அல்ல, அந்த எண்பது நிமிடம்.

"அந்த டக்குன்னு சத்தம் வந்துச்சுல்ல," என்றாள், "அதுக்கப்புறமும் ஒரு இழு இழுத்தீகளே, அது எதுக்கு? நான் திரும்பிப் பாத்தேன். அதுவும் ஒரு முறை போலன்னு போயிட்டேன்."

"அது கொசுறு. பட்டறைப் பழக்கம்."

"கொசுறு பணியாரத்துக்குத்தான் சித்தப்பா. போல்ட்டு வந்து கேட்டுச்சா?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தது கேட்டது. எனக்கும் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். செல்வி சிரிக்கவில்லை.

ஆட்டோவுக்கு மூன்று பேருக்குப் போன் செய்தேன். முகூர்த்த நாள். ஒருவர் அமராவதிபுதூரில் கல்யாண வீட்டில், ஒருவர் இளையாத்தங்குடிக்குக் கோயில் சவாரி, ஒருவர் எடுக்கவே இல்லை. மணி மூன்று ஐம்பத்தெட்டு. இனி ஸ்கூட்டரைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக நான் ஸ்கூட்டரைத்தான் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை, அந்தப் பணியாரம் ஐந்து மணிக்குள் அங்கே இருப்பது.

என் மொபெட்டை வெளியே எடுத்தேன், செல்வி வீட்டுக்கு ஓடி மீதிப் பாக்ஸ்களைக் கொண்டுவந்தாள். பதினாறு வருட வண்டி, நாற்பதைத் தொட்டால் நடுங்கும். முன்னால் கால் வைக்கும் இடத்தில் இரண்டு ஹாட் பாக்ஸ், பின்னால் செல்வி, அவள் மடியில் மூன்றாவது பாக்ஸ், அதற்கு மேல் சட்னித் தூக்கு.

"இங்குட்டு ஒரு பக்கமா உக்காந்தா சட்னி சாயும். அங்குட்டுக் கொஞ்சம் நகரு."

"நான் சாய மாட்டேன். நீங்க பிரேக்கப் போடாமப் போங்க. வெள்ளப் பணியாரம் நசுங்குனா ஆப்பமாயிரும்."

வழியில் வேகத்தடைகள் எத்தனை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனேன்.

"எட்டு."

"என்ன எட்டு?"

"வேகத்தடை."

"எண்ணாதீக சித்தப்பா. ரோட்டப் பாருங்க."

ஒன்பதாவதை எண்ணாமல் தாண்டினேன். அதன் மேல் ஏறியபோது பாக்ஸ் குதித்தது. மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு அந்தப் பெரிய வீட்டின் பின்வாசலில் நின்றோம். மேனேஜர் சின்ன வயசுக்காரர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மூடியைத் திறந்து ஒரு பணியாரத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார். ஆவி வந்தது. வாயில் போட்டார்.

"நல்லாருக்கு. ஆனா எட்டு நிமிஷந்தான் மிச்சம் வச்சு வந்திருக்கீக. நாளைக்கும் நாளான்னைக்கும் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். இந்த வண்டியிலதான் தெனம் வருவீகளா?" என்று என் மொபெட்டைப் பார்த்தார்.

"இல்லைங்க," என்றாள் செல்வி, "நாளைக்கு என் வண்டியில வந்துருவேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கேள்வியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். நானூற்றுப் பன்னிரண்டு அடி, வழியில் இரண்டு முறை நின்றேன். கெட்ட மரையைக் கடைந்து எடுத்துவிட்டு, ஸ்பிரிங் போன்ற எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே ஏற்றிப் புது மரை செய்து கொடுத்தார்கள். பழையதைவிடப் பலமானது என்று லேத்காரர் சொன்னார். அதற்காக இழுத்துப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். செய்தி அதற்குள் அவரிடம் எப்படிப் போனதென்று தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வீட்டு வாசலில் போல்ட்டைக் கையால் ஏற்றினேன். ரென்ச்சை இருபத்துநான்கில் வைத்தேன். அதற்கு மேல் என் கையை எனக்கு நம்பத் தோன்றவில்லை. செல்வியைக் கூப்பிட்டேன்.

"நீ இழு."

"எனக்கு என்ன தெரியும்?"

"பிடியோட நடுவுல பிடி. மெதுவா உன் பக்கம் இழு. சத்தம் வந்ததும் விட்டுரு. அதுக்கு மேல தெரிய ஒண்ணும் இல்ல."

மாவு பட்ட கையை முந்தானையில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். இழுத்தாள். க்ளிக் என்றது. என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் ரென்ச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். பணியாரம் வெந்ததும் சட்டியிலிருந்து எடுப்பவளுக்கு, போதும் என்றால் போதும்தான். ஒரு நொடி கூடினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புது ஆயில் ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். தாளில் ஒன்றும் விழவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மலிவான ரென்ச் வாங்குங்கள், தப்பில்லை. தண்ணீர்க் கேனால் சோதியுங்கள். வேலை முடிந்ததும் எண்ணைக் கடைசிக்கு இறக்கிப் பெட்டியில் வையுங்கள், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ஓய்வெடுக்கட்டும். இறுகிய போல்ட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள், அதற்குச் சாதா ஸ்பேனர் இருக்கிறது. சத்தம் கேட்டதும் கையை எடுங்கள். எடுக்க முடியாமல் போய், ஏதாவது உடைந்தால், வண்டிக்காரருக்கு முதல் நிமிடத்தில் சொல்லுங்கள். அவருக்கு இன்னும் ஒரு பஸ் மிச்சமிருக்கும்போதே சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து இருபதுக்கு என் போன் அடித்தது. செல்விதான்.

"சித்தப்பா, சீசன் முழுக்க நமக்குத்தான். இப்பத்தான் சொன்னாரு."

நல்ல சேதி என்று சொல்ல வேண்டும், சந்தோஷம் என்று சொல்ல வேண்டும். எனக்கு வாயில் வந்தது வேறு.

"அடியில ஏதாச்சும் சொட்டுதா, குனிஞ்சு பாத்தியா?"

"குனிஞ்சு பாத்துட்டுத்தான் போன எடுத்தேன். ஒண்ணுமில்ல. வைங்க, சீயம் ஆறுது."